இரண்டு இழுப்பு

விடியற்காலை ஐந்தரைக்கே ஏழாம் தொட்டியைத் திறந்துவிட்டோம். இருபது வருஷத்து ரசாயனக் கழிவு அடியில் கெட்டித்துக் கிடந்தது. வாசனை மூக்கில் ஏறாது, நேரே நெற்றிக்குள் போய் உட்காரும். ஆலை இந்தத் தொட்டிகளை நிரந்தரமாக மூடப்போகிறது. அதற்குமுன் ஓர் ஆள் இறங்கிச் சுரண்டிக் கழுவ வேண்டும். இறங்குகிறவன் என் தங்கை புருஷன். மேலே உட்கார்ந்து அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பவன் நான். உட்கார்ந்தபடியே கூலி வாங்கும் பெரிய மனுஷன்.

ஓர் இழுப்பு என்றால் 'நல்லா இருக்கேன்'. இரண்டு இழுப்பு என்றால் 'தூக்கு'. முகமூடி போட்டால் வாய் பேச முடியாது. எங்கள் கை சும்மா இருக்குமா? அலுப்புத் தட்டினால் மச்சான் இரண்டு இழுப்பான். நான் பதறி எட்டிப் பார்த்தால் கீழே இடுப்பை நெளித்து ஆடுவான். பதிலுக்கு நானும் இரண்டு இழுப்பேன். பத்து நாளாக இதே கூத்து.

அன்றும் இரண்டு இழுப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இரண்டு திருப்பி இழுத்தேன்.

கயிறு தொய்ந்தது. அப்புறம்தான் எட்டிப் பார்த்தேன். குப்புறக் கிடந்தான்.

பம்ப் ஓட்டும் பெரியவரும் மற்றவர்களும் ஓடிவர, எல்லோருமாகத் தூக்கினோம். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருந்தது, நினைவில்லை. பெரியவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

பத்து மணிக்கு மேலாளர் ஒரு தாளை நீட்டினார்.

"'கயிறு பிடித்தவரின் விளையாட்டுத்தனத்தால் விபத்து.' தப்பா ஒண்ணும் எழுதலையே?"

"இல்ல சார்."

"கையெழுத்துப் போடு. போலீஸ் கீலீஸ்னு உன்னை இழுக்க மாட்டோம். மத்தியானம் எட்டாம் தொட்டில ஆள் இறங்கணும்."

யாராவது நாலு அறை விட மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தவனுக்கு அந்தத் தாள் பெரிய ஆறுதல். இருந்தாலும், "தங்கச்சிகிட்ட சொல்லிட்டுப் போடறேன் சார்" என்று எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

தங்கையும் ஆலையில்தான் வேலை. எங்கள் உடுப்புகளை வெளுப்பவள். வராந்தாவில் பெரியவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"உள்ள காத்தடிக்கிற புளோயர் எங்கண்ணே இருந்துச்சு?"

பெரியவர்தான் சொன்னார். "நேத்து சாயங்காலமே எட்டாம் தொட்டிக்கு மாத்திட்டாங்கம்மா. ரெண்டு தொட்டியும் ஒண்ணா முடியணுமாம், மேலாளர் உத்தரவு. வாயு பாக்குற மீட்டரும் ஒரு வாரமா செத்துக் கிடக்கு."

"உனக்குத் தெரியுமாண்ணே?"

தெரியும். காலையில் மச்சான் கேட்டதற்கு, "புளோயர் காத்து வாங்கப் போயிருக்குடா" என்று ஜோக் அடித்தவனே நான்தான். அதையும் சொன்னேன்.

என் கையிலிருந்த தாளை வாங்கிப் படித்தாள். "நீ தூக்காததை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். ஆனா தொட்டிய மூடச் சொன்னா, உன்னை வச்சு அவங்க தப்பை மூடறாங்களே. ரெண்டையும் எழுது."

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன். முதல் வரியில் என் தப்பு, ஒரு சொல் குறைக்காமல். அடுத்து புளோயர். அடுத்து மீட்டர். என் கையெழுத்துக்குக் கீழே தங்கை போட்டாள். ஆலைக்குத் திரும்பியதும் பதினொரு பேர் போட்டார்கள்.

மேலாளர் படித்துவிட்டு முகம் சிவந்தார். "இதையெல்லாம் யாருய்யா எழுதச் சொன்னா?"

"இதுல பொய் எந்த வரின்னு காட்டுங்க சார், அடிச்சுடறேன்."

"தொட்டிக்கு ஒரு புளோயரும், ஓடுற மீட்டரும் வராம ஒருத்தரும் இறங்க மாட்டோம்" என்று தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார் பெரியவர்.

"வெளியில ஆளுக்கா பஞ்சம்?"

"கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் படிச்சுக் காட்டறோம்."

எட்டாம் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம். மச்சான் கண் திறந்ததாகச் சேதி வரவில்லை. யாரோ, "ஏதாவது ஜோக் சொல்லுப்பா" என்றார்கள். நான் கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்தேன்.

மூன்று மணிக்கு லாரியில் புது ஆட்கள் வந்தார்கள். பெரியவர் தாளை என்னிடமே கொடுத்தார்.

"நீயே படி."

படித்தேன். முதல் வரியில் குரல் உடைந்தது. நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தேன். முன்னால் நின்றவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். கிட்டப் போய்த் தொட்டியின் இருட்டைப் பார்த்தான். தோளிலிருந்த சுரண்டியை இறக்கி வைத்தான்.

"பேனா இருக்கா?" என்றான்.