ஒரே குழாய், இரண்டு தலை

சபூறாவின் புருஷன் சரீபை முந்தநாள் காலை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இறக்காமத்தில் வயலுக்குள் இறங்கிய யானைக்கு அவன் விட்ட ரொக்கட், யானையை விட்டுவிட்டு முகாம் வேலிக்குள் போய் வெடித்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அது 2009 ஏப்ரல், வடக்கே யுத்தத்தின் கடைசி நாட்கள். பட்டாசுச் சத்தத்துக்கே ஆளைத் தூக்கும் காலத்தில் இந்த மடையனுக்கு ரொக்கட் கேட்டது.

அந்த ரொக்கட்டைச் செய்தவன் சபூறாவின் தம்பி மசூர், கல்முனையில் விஞ்ஞான மாஸ்டர். சுனாமியில் தன் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரைப் பறிகொடுத்ததிலிருந்து அவனுக்கு எதையாவது அளந்துகொண்டே இருக்க வேண்டும். சுனாமி வீட்டுத்திட்டத்தில் மிஞ்சிய குழாய்களில் மருந்தடைத்து, தலையில் வெப்பமானியும் இறங்கும்போது விரியும் சின்னக் குடையும் வைத்து வானத்துக்கு விட்டான். அதில் நாலு குழாயைச் சரீப் கேட்காமலே எடுத்துப்போய், தலையைக் கழற்றி எறிந்துவிட்டு யானை வெடியைக் கட்டினான். மச்சான் தன் விஞ்ஞானத்தைக் கேவலப்படுத்திவிட்டான் என்று மசூருக்குக் கோபம். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. சபூறாவுக்கு இருவரையும் கண்டாலே எரிச்சல். இருந்தாலும் புருஷன் வேண்டுமே.

"விளையாட்டுச் சாமான் எண்டு மட்டும் சொல்லு," என்று முகாம் வாசலில் தம்பியிடம் சொன்னாள். "வேற ஒண்டும் கதைக்காத."

"ஓம் ராத்தா."

அதிகாரியின் மேசையில் வெடித்த குழாய் கிடந்தது. பக்கத்தில், பள்ளிக்கூடச் சாமான் என்று காட்ட மசூர் கொண்டுவந்த வெப்பமானி ரொக்கட். மூலையில் வீங்கிய உதட்டோடு சரீப் குந்தியிருந்தான். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, மசூருக்குச் சிங்களம் தெரியாது. அம்பாறைச் சந்தையில் சாறன் விற்றுப் பழகிய சபூறாவின் சிங்களம்தான் நடுவில் நின்றது.

"இதுவும் அதுவும் ஒன்றா?" என்று கேட்டான் அதிகாரி. தம்பியிடம் தமிழில் சொன்னாள்.

"கீழ்க்குழாய் ஒண்டுதான் ராத்தா. மேல எதை வச்சாலும் தூக்கும். வெடிய வச்சா இன்னும் தூரம் போகும், பாரம் குறைவு."

அவள் அதிகாரியிடம் திரும்பினாள். "பிள்ளைகளின் விளையாட்டு சேர். கோழியைக்கூடத் தூக்காது," என்றாள் சிங்களத்தில்.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தான். சரீபை விடுவதற்கான தாளை எடுத்துப் பேனையைத் திறந்தான்.

"ஏன் சிரிக்கிறார்? நீ என்ன சொன்ன?" என்றான் மசூர்.

"வாய மூடு."

சரீபுக்கும் கொஞ்சம் சிங்களம் விளங்கும். உதடு கிழிந்தும் கொழுப்புக் குறையவில்லை. "மாஸ்டர்ர ரொக்கட் கோழியையும் தூக்காதாம்," என்றான்.

மசூர் எழுந்தான். அதிகாரியின் கையிலிருந்த பேனையைப் பிடுங்கி, அந்தத் தாளையே திருப்பிப்போட்டு வரைந்தான். ஒரு குழாய். அதன் மேல் இரண்டு அம்புக்குறி, ஒன்றில் வெப்பமானி, மற்றதில் வெடி. பிறகு வளைந்த கோடு ஒன்று, அடியில் 1200 m. சபூறா அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடு ராத்தா, அவருக்கு விளங்கட்டும்."

விளங்கியது. அதிகாரி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். சிரிப்பு போய்விட்டிருந்தது. "இதைச் செய்தது யார்?" என்று மெதுவாகக் கேட்டான்.

சபூறா மொழிபெயர்க்கவில்லை. மசூரே ஊகித்துக்கொண்டு, நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

அவள் தம்பியின் கன்னத்தில் அறைந்தாள். புருஷனையும் அறையப் போனபோது சிப்பாய் ஒருவன் குறுக்கே வந்தான்.

"நீ போ," என்றான் அதிகாரி. "நாளைக்கு இரண்டு பேருக்குச் சோறு கொண்டுவா."