முடிவு நேரம் எழுதாத சனிக்கிழமை

லிட்டில் ஹோப்லி ஊரின் விளையாட்டுத் திடலில் ஒரே சனிக்கிழமைப் பிற்பகல் இருபத்திரண்டு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. சுற்றியுள்ள வீடுகளுக்கு டிசம்பரும் மூடுபனியும் வந்து போகும். வேலிக்கு உள்ளே ஜூன் மாத வெயில். குளிர்காலத்தில் ஊர்க்காரர்கள் ஈரத்துணியை அங்கேதான் காயப்போடுகிறார்கள். இங்கிலாந்தில் துணி காய்வதே பெரிய விஷயம் என்பதால் மற்றதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

அந்தத் திடல் எப்போதுமே காகிதத்துக்குக் கட்டுப்பட்டது. ஊர் மன்றம் தரும் அனுமதிச் சீட்டில் இசைக்கு எதிரே குறி போடாவிட்டால், பேண்டு வாத்தியக்காரர்கள் கன்னம் வெடிக்க ஊதினாலும் சத்தம் வராது. மதுவுக்குக் குறி இல்லையென்றால் பீர் பீப்பாயிலிருந்து எலுமிச்சை ஜூஸ்தான் கொட்டும். முடிவு ஆறு மணி என்று எழுதினால் ஆறு மணிக்குக் கூடாரம் தானே மடிந்து படுத்துக்கொள்ளும். இந்தச் சீட்டுகளை எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள் மன்றத்தின் கிளார்க் மியூரியல். ஒரு புள்ளி தவறாத கை.

மியூரியல் வருஷா வருஷம் செப்டம்பரில் ஜாம் போட்டி நடத்துவாள். பதினோரு பேரும் ஊர்ப்பட்ட குளவிகளும் வருவார்கள். ஜூனில் ஹெஸ்டர் என்கிற விதவை நடத்தும் நாய்க் கண்காட்சிக்கோ நானூறு பேர். அதைக்கூட மியூரியல் பொறுத்திருப்பாள். ஆனால் அவள் புருஷன் நெவில், வீட்டில் ஒரு கப்பைக்கூடக் கழுவாத மனுஷன், ஹெஸ்டரின் டீ மேசை வேலைக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிடுவான்.

"என் ஜாம் போட்டின்னா இடுப்பு வலிக்குது, அங்க மட்டும் அஞ்சு மணி நேரம் நிக்க முடியுதா?" என்று கேட்டாள் மியூரியல்.

"அங்க வேலை இருக்கு. இங்க நான் சும்மா ஜாமைப் பாத்துட்டு நிக்கணும்," என்றான் நெவில்.

மியூரியலுக்கு வயிறு எரிந்தது. அந்த வருஷம் ஹெஸ்டரின் சீட்டில் வேண்டுமென்றே இசைக்குக் குறி போடவில்லை. நாய்கள்கூடச் சத்தமில்லாமல் குரைத்தன. அடடா, என்ன நிம்மதி என்று ஊரே மெச்சியது. அடுத்த வருஷம் இருபது நாய்களுக்கு மட்டும் அனுமதி என்று எழுதினாள். இருபத்தோராவது நாயிலிருந்து எல்லாம் வாசல் தாண்டியதும் ஆடாகிவிட்டன. அதைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் பஸ் பிடித்து வந்தார்கள்.

மூன்றாம் வருஷம் அவள் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் நெவில் சீட்டியடித்தபடி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவளுக்காக ஒரு நாளும் சட்டைக்கு இஸ்திரி போட்டதில்லை, பாவி. அந்தக் கொதிப்பில் முடிவு நேரத்தை எழுத மறந்து கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ஆறு மணி வரவே இல்லை. போக நினைத்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து வந்து பார்த்தார்கள்; உள்ளே அதே வெயில், அதே டீ. மன்றம் கூடியது. வேலியில் ஒட்டிய சீட்டைத் திருத்த விதியில் இடமில்லை. விஷயம் கவனத்தில் கொள்ளப்பட்டது என்று தீர்மானம் போட்டு ஏழு உறுப்பினர்களும் பிஸ்கட் சாப்பிட்டுக் கலைந்தார்கள். நெவில் மட்டும் வீட்டுக்கு வரவில்லை. நிகழ்ச்சி முடியும்வரை டீ மேசை அவன் பொறுப்பு. பட்டியலில் பெயர் இருக்கிறது. எங்கள் ஊரில் பெயர் கொடுத்துவிட்டு யாரும் பாதியில் போவதில்லை.

மியூரியல் அவனைத் தேடிப் போகவில்லை. வீம்பு. மாடி ஜன்னலிலிருந்தே பார்த்தாள். அங்கே ஹெஸ்டருக்கு ஐம்பத்திரண்டு வயது தாண்டவில்லை. இங்கே மியூரியலுக்குப் பல் போயிற்று, முழங்கால் போயிற்று. எழுபத்தொன்பதாவது வயதில், போன மார்ச்சில், கம்பு ஊன்றித் திடலின் கேட்டுக்குப் போனாள்.

"இருபத்திரண்டு வருஷமா அவகூட அப்படி என்ன பேச்சு உனக்கு?" என்று கத்தினாள்.

நெவில் டீ மேசையை விட்டுக் கெட்டிலோடு கேட்டருகே வந்தான். "யாரு, ஹெஸ்டரா? சர்க்கரை எங்கன்னு கேட்டா. ஏன் மியூரியல், மத்தியானம் பாத்தப்போ நல்லாத்தானே இருந்தே, தலையெல்லாம் வெளுத்திருக்கு? ஆறு மணிக்கு வந்துடறேன்னு சொன்னேனே. இன்னும் ஆறு ஆகலையே."

மியூரியல் கேட்டைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஹெஸ்டர் கையசைத்தாள். "மியூரியல், இங்க ஸ்பூன் பத்தலை, கொஞ்சம் நெவிலை அனுப்பேன்!"

மியூரியல் கண்ணைத் துடைத்தாள். கேட்டைத் திறந்து உள்ளே போய், ஸ்பூனைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டாள். இன்னும் அங்கேதான் நிற்கிறாள். கிளார்க் வேலை காலியாக இருக்கிறது.