என் பக்கத்து பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்றுக்கொள்பவர் காலடியில், இன்னொன்று என் காலடியில். பதினான்கு வருடமாக நான் வாய்க்கு வந்தபடி பேசியதெல்லாம் அந்த இரண்டாவது பிரேக் கொடுத்த தைரியத்தில்தான். "கண்ணை வீட்லயே வச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று கத்துவேன், காலால் அழுத்துவேன், வண்டி நிற்கும். நிறுத்தியது கால்தான் என்றாலும், கண்டிப்பான வாத்தியார் என்று பெயர் வாங்கியது வாய்.

அந்த வாய்தான் என்னை மாமியாரிடம் மாட்டிவிட்டது.

அவர் என்னிடம் கார் பழக ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டில் உறவுக்காரர்கள் பன்னிரண்டு பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். "அத்தை எப்படி ஓட்டறாங்க?" என்று என் சகலை கேட்டார்.

"அத்தைக்குக் கரண்டிதான் வரும், கார் வராது," என்றேன்.

வீடே சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்த மாமியாரும் சேர்ந்து சிரித்தார். மறுநாளிலிருந்து பழக வரவில்லை.

எட்டு மாதம் கழித்து மாமனார் மாடிப்படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போகவேண்டும். அவருடைய கார் வாசலில் தூசி படிந்து நின்றது, ஓட்டத்தான் ஆளில்லை. "எனக்கெல்லாம் வராதுடி, மாப்பிள்ளையே சொல்லிட்டாரே" என்று மாமியார் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

மனைவியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்," என்றேன்.

"அவங்க அப்படி எடுத்துக்கலையே. உங்க வாயால கெட்டது, உங்க வாயாலயே சரியாகட்டும்."

கெஞ்சிக் கூத்தாடி மாமியாரை அழைத்துவந்த அன்றைக்குப் பார்த்து, என் பக்கத்து பிரேக்கை மெக்கானிக் கழற்றி வைத்திருந்தார். புது கேபிள் வர நான்கு நாளாகுமாம். பழைய கிடங்குக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்துக்கு நானே ஓட்டிப்போய், அங்கே இடம் மாறி உட்கார்ந்தோம்.

மைதானத்தின் நடுவில் ஒரே ஒரு விளக்குத் தூண். அதன் இடுப்பில் எங்கள் ஸ்கூல் கார்களின் பெயிண்ட் எல்லாம் ஒட்டியிருக்கும். பழைய வெள்ளை, அப்புறம் சிவப்பு, இப்போதைய நீலம். இவ்வளவு பெரிய மைதானத்தில் இந்தத் தூணையே தேடிப்போய் உரசுகிறார்களே என்று வருடக்கணக்காகத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

மாமியார் வண்டியைக் கிளப்பினார். வண்டி தூண் பக்கமாகச் சாய்ந்தது.

"அத்தை, தூண்! தூண் மேல போகாதீங்க!"

அவர் தூணையே பார்த்தார். வண்டியும் அங்கேயே போனது. என் கால் வெறும் தரையை மிதித்தது. வழக்கமான வசனம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைச் சொன்னால் இவர் ஜென்மத்துக்கும் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். விழுங்கினேன்.

"அத்தை, வலப்பக்கம் அந்தப் பச்சைக் கதவைப் பாருங்க."

கதவைப் பார்த்தார். கை தானாகத் திரும்பியது. தூண் ஒரு முழம் தள்ளி எங்களைக் கடந்துபோனது.

பதினான்கு வருடமாக "தூண், தூண்" என்று கத்தி எல்லோரையும் அங்கே அனுப்பிவைத்தவன் நான்தான். கரண்டிதான் வரும் என்று இவரை அடுப்படிக்கு அனுப்பியவனும் நான்தான். வெட்கமாக இருந்தது.

"என்ன மாப்பிள்ளை, பேச்சையே காணோம்?"

"யோசிச்சுப் பேசறேன் அத்தை. பழக்கமில்ல, அதான் நேரமாகுது."

பிரேக் வந்த பிறகும் அப்படியே பேசினேன். எனக்கு உடம்புக்கு ஏதாவதா என்று மற்ற மாணவர்கள் மனைவியிடம் விசாரித்தார்கள்.

இரண்டு மாதத்தில் மாமியார் தேர்வுக்குப் போய், முதல் தடவையிலேயே தேறிவிட்டார். லைசென்ஸ் கைக்கு வந்ததும், "ரொம்ப நல்லா ஓட்டறீங்க அத்தை," என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

"இதை ஏன் என்கிட்ட தனியா சொல்றீங்க?" என்றார். "அதைப் பன்னெண்டு பேர் முன்னாடிதானே சொன்னீங்க?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே வீடு, அதே பன்னிரண்டு பேர். நான் எழுந்து நின்றேன். ஏதோ ஜோக் வரப்போகிறது என்று சகலை முன்கூட்டியே சிரிக்கத் தொடங்கிவிட்டார். கிண்டலுக்கு மட்டும் போட்டி போட்டுக்கொண்டு வருகிற சொற்கள் இதற்கு ஒன்றுகூட வரவில்லை.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. அத்தை நல்லா ஓட்டறாங்க. மாமாவை ஆஸ்பத்திரிக்கு அவங்கதான் கூட்டிட்டுப் போறாங்க."

யாரும் சிரிக்கவில்லை. "இவரு வண்டியில போறதைவிட அவ வண்டியில நிம்மதியா இருக்கு," என்றார் மாமனார், என்னைக் காட்டி. அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மாமியார் அடுப்படியிலிருந்து வந்தார். கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்து தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். கரண்டியைப் பிடித்தபடி நான் அசடு வழிய நின்றேன்.

"பரிமாறுங்க மாப்பிள்ளை," என்றார். "வரும். உங்களுக்கும் வரும்."