சுவருக்குள் ஒரு குடித்தனம்

மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு அந்தத் தோட்டம் முழுக்கக் கண் சொக்கிப்போகும். காலையெல்லாம் பாத்திகளில் நத்தை பொறுக்கிய வாத்துகள் குளத்தங்கரை நிழலில் கழுத்தை முதுகுக்குள் செருகிக்கொள்ளும். அவற்றுக்குத் தலைவனாகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்ட பெரிய வாத்துக்கு மேனேஜர் என்று பெயர். மேனேஜரும் அந்நேரம் ஒற்றைக் காலில் நின்றபடி தூங்கும். பாத்தி மண் காயாமலிருக்க மூடாக்காகப் பரப்பிய வைக்கோலில் கீரி நுழைவது தெரியும், வெளியே வருவது தெரியாது. இலைதழைக் குவியல் மட்டும் உள்ளுக்குள் வெந்துகொண்டு மெல்ல ஆவி விடும்.

தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் அக்காக்காரி அப்போதுதான் போய்ப் படுப்பாள். படுத்து, சுவர்ப் பக்கம் காதை வைத்தால் போதும், தூக்கம் தானாக வரும். சுவருக்குள் தேனீக்கள் குடியிருந்தன. வெயில் ஏற ஏற உள்ளே சிறகால் விசிறிக்கொள்ளும். அந்த ரீங்காரம் மண்சுவரிலிருந்து கட்டிலுக்கு இறங்கி, அவள் தோளுக்கு வந்து சேரும்.

வீட்டை அவள் புருஷன் தன் கையால் கட்டினார். மண்ணும் வைக்கோலும் குழைத்து, நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவர். அந்த இடைவெளிக்குள் காற்றுப் போகக் கட்டிலை ஒட்டி ஒரு மூங்கில் குழாயைப் பதித்தார். வெளிப்பக்கம் அதற்கு ஒரு வலை அடிக்க வேண்டும். "நாளைக்கு அடிச்சுடறேன்" என்பார். குளம் வெட்ட நேரம் இருந்தது, வாழைக்குழி போட நேரம் இருந்தது, உள்ளங்கை அகல வலைக்கு மட்டும் நேரம் இல்லை. நல்ல மனுஷர்தான், ஆனால் எந்த வேலையிலும் கடைசி ஆணி மட்டும் பாக்கி இருக்கும்.

அவருடைய குறட்டை வேறு ஊரறிந்த சமாச்சாரம். தினமும் விலாவில் ஒரு குத்து விட்டு, "திரும்பிப் படுங்க" என்பாள். சொன்ன பேச்சைத் தட்டாமல் திரும்பிப் படுத்து, அந்தப் பக்கமிருந்து ஆரம்பிப்பார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, அத்தனை நாள் கேட்ட அமைதி கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தாள். பகலில் களைவெட்டி கையிலிருந்து நழுவியது. பூசணி பூத்த சமயம் எங்கிருந்தோ ஒரு தேனீக் கூட்டம் வந்து, மூடாத மூங்கிலைக் கண்டுபிடித்து உள்ளே போனது. அன்று ராத்திரி படுத்தவள், விடிந்து வாத்துக் கூண்டைத் திறந்துவிடச் சொல்லி மேனேஜர் கத்தும்வரை தூங்கினாள்.

இப்போது தங்கை வந்திருந்தாள். பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "நீயும் தனி, நானும் தனி, ஒண்ணா இருந்துடலாம்" என்று அக்காதான் கூப்பிட்டாள். மனசார ஆசைப்பட்டுத்தான் கூப்பிட்டாள். ஆனால் தங்கைக்குத் தேனீக் கடி ஆகாது. போன தடவை ஒரே ஒரு கடிக்கு முகம் வீங்கி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னொரு தடவை தாங்காது என்று டாக்டர் சொன்னதும் அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் சுவரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. முன்னறையில் படுக்கை போட்டுக் கொடுத்து, பின்பக்கம் பாம்பு நடமாட்டம் என்று ஒரு பொய்யையும் போட்டு வைத்தாள்.

முன்னறையில் வெக்கை தாங்காமல் ஒரு மத்தியானம் தங்கை உள்ளே வந்தாள்.

"என்னக்கா சத்தம் அது?"

"மோட்டார்."

"காலையிலேர்ந்து கரண்டே இல்லையே."

தங்கை சொல்லி முடிப்பதற்குள் ஜன்னல் வழியாக ஒரு தேனீ வந்து அவள் தோளில் உட்கார்ந்தது.

"அசையாதே" என்றாள் அக்கா. தேனீ சேலை மடிப்பில் ஏறி, கழுத்துப் பக்கம் நடந்து, யோசித்து, மறுபடி இறங்கியது. அக்கா அதன் முன்னால் விரலை நீட்டினாள். ஏறிக்கொண்டது. அப்படியே வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து ஜன்னலைச் சாத்தினாள்.

தங்கை சுவரில் கை வைத்து நின்றாள். "இதுக்குள்ளயா? தெரிஞ்சேவா என்னைக் கூப்பிட்ட?"

"அந்தச் சத்தம் இல்லேன்னா எனக்குத் தூக்கம் வரலடி. அவர் போனதிலேர்ந்து."

தங்கைக்கு வந்த கோபம் பாதி வழியில் நின்றுபோனது. "தூக்கம் இல்லாம இருந்ததை ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப?"

"அப்பவே வந்திருப்பேன்." சுவரிலிருந்து கையை எடுத்து, "நீ தூங்கு. நான் நாளைக்கு பஸ் ஏறிடறேன்" என்றாள். சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்து வைத்தாள்.

மறுநாள் பஸ் நேரத்துக்கு முன்பே, தேனீ வளர்க்கும் தேன்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றார். அக்காதான் விடிந்ததும் ஆள் அனுப்பியிருந்தாள். தங்கையை முன்னறையில் அடைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வெளிப்பக்கமிருந்து சுவரைப் பெயர்த்தார். உள்ளே அடை அடையாகத் தொங்கியது. "ஜோரா குடித்தனம் நடத்தியிருக்கீங்களே" என்று தேனீக்களிடம் மரியாதையாகப் பேசினார். அடைகளை அறுத்து, வாழைநாரால் சட்டத்தில் கட்டி, பெட்டிக்குள் இறக்கினார். ராணியும் உள்ளே போனாள். மற்றவை வரிசையாகப் பின்னால் நடந்தன. இருட்டும்வரை காத்திருந்து, கடைசித் தேனீயும் அடைந்த பிறகு பெட்டியின் வாசலை அடைத்து, மலைக்கு அந்தப்பக்கம் தன் தோப்புக்கு எடுத்துப்போனார். "பக்கத்துல வச்சா பழைய இடத்துக்கே திரும்பிடும்மா" என்றார்.

பொழுது விடிந்ததும் அக்கா மண் குழைத்துச் சுவரைப் பூசினாள். மூங்கிலுக்கு வலை அடிக்க ஆணி தேடி, புருஷனுடைய பழைய டப்பாவைக் கவிழ்த்தாள். ஆணிகளோடு ஒரு வட்ட வலையும் விழுந்தது. மூங்கில் வாய்க்குச் சரியாக வெட்டி, விளிம்பு கையைக் கிழிக்காதபடி மடித்தும் வைத்திருந்தார். அதை மடியில் போட்டுக்கொண்டு மண்தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். மேனேஜர் வந்து, தீனி ஏதும் உண்டா என்று பார்த்துவிட்டுப் போனது. பிறகு எழுந்து, அவர் பாக்கி வைத்த ஆணியை அவளே அடித்தாள்.

மத்தியானம் படுத்தாள். சுவரில் காதை வைத்தாள். ஈர மண் வாசனை மட்டும் வந்தது. குளத்தில் மீன்கொத்தி விழுந்த சத்தம்கூடத் தனியாகக் கேட்டது.

"அங்க வெக்கையா இருக்கு, தள்ளிப் படு" என்று தங்கை தலையணையோடு வந்து, அவர் படுக்கும் பக்கத்தில் சாய்ந்தாள். பெட்டியிலிருந்த துணியெல்லாம் அலமாரிக்கு மாறிவிட்டதாம். எந்தத் தட்டு யாருக்கு என்று பேச ஆரம்பித்தவள், பாதி வாக்கியத்தில் தூங்கிப்போனாள்.

முதலில் மெல்லத்தான் வந்தது. அப்புறம் கட்டில் சட்டம் அதிர்ந்தது. ஆபீஸ் நாற்காலியில் பதவிசாக உட்கார்ந்து காலம் தள்ளியவளுக்கு இப்படி ஒரு குறட்டையா என்று அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பழக்க தோஷத்தில் கை தானாக எழுந்து தங்கையின் விலா வரைக்கும் போனது.

குத்தவில்லை. கையை அப்படியே தங்கையின் மேல் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.