நடுவில் நிற்பவள்

பாவத்தைப் பற்றிப் பிரசங்கம் என்றால் ஆலயத்தில் கூட்டம் சேரும். அது அடுத்தவன் பாவம் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் நாற்காலி பத்தாது. அந்த ஞாயிற்றுக்கிழமை பத்தவில்லை. டயர் கடைக்கு மேலே, படியேறும்போதே ரப்பர் வாடை அடிக்கும் அந்த மாடிக் கூடத்தில், சுவரோரமாகக்கூட ஆட்கள் நின்றார்கள். ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் சேர்ந்து வாழ்வதைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்று போதகர் வெளிப்படையாகப் பேசப்போகிறார் என்று போன வாரமே அறிவித்திருந்தார்கள்.

மேடைக்குக் கீழே, இடது பக்கம், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கன்னக்குழி நின்றாள். விரல்கள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் கறுப்பு. அவளுக்கு எதிரே முதல் வரிசையில் காது கேளாதவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். போதகர் வாயால் சொல்வதை அவர்களுக்கு அவள் கையால் சொல்ல வேண்டும். அந்த வரிசையில் நடுநாயகமாக அவளுடைய அம்மா.

கன்னக்குழி என்பது அம்மா வைத்த பெயர். காது கேளாதவர்கள் ஆளைப் பார்த்து ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள். கன்னத்தில் ஒரு விரலை அழுத்தினால் அது இவள். பள்ளிக்கூடத்துப் பெயர் ஒன்றும் இருக்கிறது, அதை வங்கியில் மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். செத்துப்போன அப்பாவுக்கும் காது கேட்காது. அந்த வீட்டில் பேச்சு என்றாலே கைதான்; அவள் மழலை பேசியதே விரலால்தான்.

வார நாட்களில் நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் அவளுக்கு இதே வேலை. அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. நடுவில் நிற்பவளுக்கு 'நான்' கிடையாது. டாக்டர் "நான் ஊசி போடப்போறேன்" என்றால் இவள் கையும் "நான் ஊசி போடப்போறேன்" என்றே சொல்லும். கூண்டில் நிற்கிற திருடன் "நான்தான் எடுத்தேன்" என்று சைகை செய்தால், இவள் நீதிபதி முன்னால் வாய்விட்டு "நான்தான் எடுத்தேன்" என்பாள். "இந்தப் பொண்ணு ஒத்துக்காத குத்தமே இல்ல" என்று ஒரு போலீஸ்காரர் கிண்டல் அடிப்பார். பார்க்கிறவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. கை அவளுடையது, பேச்சு அடுத்தவருடையது.

இப்படி ஊர்க் குற்றத்தையெல்லாம் கூசாமல் ஒத்துக்கொண்டவள், சொந்த விஷயம் ஒன்றை மட்டும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி மறைத்து வைத்திருந்தாள். கண்ணாடிக்கடையில் வருகிறவர்களுக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்க்கிற ஒரு பெண்ணை அவள் நேசித்தாள். அந்தப் பெண்ணுக்கும் இவள் என்றால் உயிர்.

ஆண்டவரே வேண்டாம் என்று தலைமுழுகியவர்களுக்கு இதில் தொல்லை இல்லை. கன்னக்குழியால் தலைமுழுக முடியவில்லை. ஆண்டவர் அவளுக்கு வெறும் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் இல்லை. பாத்திரம் கழுவும்போதும் பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் அவரோடு பேசிக்கொண்டே இருப்பாள். என்னை மாற்றிவிடும் என்று உபவாசம் இருந்து பார்த்தாள். மாறவில்லை, வயிறுதான் புண்ணானது. இரண்டில் ஒன்றை விடு என்று சொல்வது எல்லோருக்கும் சுலபம். எதை விட்டாலும் மிச்சம் இருப்பது தானில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே அவள் ஒரு காரியம் செய்தாள். பிரசங்கத்தில் அந்த வசனங்கள் தலைகாட்டும்போதெல்லாம் கையை வேறு பக்கம் திருப்பிவிட்டாள். போதகர் அங்கே கண்டித்துக்கொண்டிருப்பார். இங்கே அவள் கை பொறுமையைப் பற்றியோ அன்பைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கும். ஒரு வரிதானே, யாருக்குத் தெரியும்? அம்மாவால் கடைப் பலகை படிக்க முடியும், பேருந்து எண் படிக்க முடியும். வேதபுத்தகத்தின் பழைய நடை பிடிபடாது. அம்மாவுக்குத் தெரிந்த ஆண்டவர் மகளின் விரல் வழியாக வந்தவர். அவர் யாரையும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை.

ஒரு வரியை விழுங்கலாம். ஒரு முழுப் பிரசங்கத்தை எப்படி விழுங்குவது?

சனிக்கிழமை, பிரசங்கக் குறிப்புகளை வாங்கப் போனபோது போதகரிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"பாஸ்டர், நாளைக்கு மட்டும் வேற யாரையாவது நிக்க வைங்களேன்."

"உன்ன விட்டா யாரும்மா இருக்கா? உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. இந்தப் பிரசங்கம் அவங்களுக்குத் தேவையான்னு..."

"அவங்களுக்கும் ஆத்துமா இருக்குல்ல? காது கேக்கலேங்கிறதுக்காக வசனத்துல பாதிய மறைச்சா அது அநியாயம் இல்லையா?"

அவர் சொன்னது நியாயம், அதனால்தான் அவளுக்கு வலித்தது. கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் மனதுக்குள்ளாவது திட்டியிருக்கலாம். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது முகம் சுளிக்காமல் மலச்சட்டி எடுத்துப்போட்டவர் அவர்.

கண்ணாடிக்கடைப் பெண் அன்று இரவு தொலைபேசியில் அழுதாள். "உன் கையாலயே உன் கன்னத்துல அறைஞ்சுக்கப் போறியா? போகாத, சொல்றதக் கேளு."

"நான் போகலேன்னா அம்மா யாரப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க?" என்றாள் இவள். இருதலைக் கொள்ளி எறும்புக்கு யோசனை சொல்ல யாரால் முடியும்?

ஞாயிற்றுக்கிழமை போதகர் சாந்தமாகத்தான் ஆரம்பித்தார். வசனங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். கன்னக்குழி முதன்முதலாக ஒன்றையும் மாற்றாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். முதல் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த தையல்காரர் முகத்தைச் சுருக்கினார். இதென்ன புதுசாக இருக்கிறது என்கிற மாதிரி அம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அப்படிப்பட்டவர்களை ஆண்டவர் கைவிட்டுவிட்டார் என்ற இடம் வந்தது. அதற்குச் சைகை, இரண்டு கையிலும் எதையோ ஏந்தியிருப்பதுபோலத் தூக்கி அப்படியே கீழே போட்டுவிடுவது. அவள் தூக்கினாள். போட முடியவில்லை. என் ஆண்டவரே, என்னைப் போட்டுவிட்டீரா, நானே என்னைப் போட வேண்டுமா என்று உள்ளே கதறினாள். கை அந்தரத்தில் நின்றது. முதல் வரிசை காத்திருந்தது.

அப்புறம் கை தானாகப் பேச ஆரம்பித்தது.

"நான் அந்த மாதிரி ஆள்தான். என்ன மாதிரியே உடம்பு இருக்கிற ஒருத்தர் மேலதான் எனக்கு ஆசை. மாத்தச் சொல்லி எத்தனையோ தடவ அழுதுட்டேன், மாறல. எனக்கு ஆண்டவரும் வேணும். அவர் என்னக் கைவிட்டாருன்னு என்னால நம்ப முடியல. என்ன வெளிய தள்ளிடாதீங்க."

சொல்லி முடித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. முதல் வரிசை மொத்தமும் வாயைப் பிளந்துகொண்டு மேடையில் இருந்த போதகரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நடுவில் நிற்பவளுக்கு 'நான்' கிடையாது என்று ஊருக்கே பழக்கிவிட்டவள் அவள்தானே. அவள் கை 'நான்' என்றால் அது போதகர். அந்த நேரம் பார்த்து, பேசிப் பேசி வேர்த்துப்போன அந்த மனிதர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். தையல்காரர் உடைந்து அழுதுவிட்டார். தன் வார்த்தை காது கேளாதவர்களைக்கூடத் தொட்டுவிட்டது என்று பூரித்துப்போன போதகர் இன்னும் சத்தமாகப் பேசினார். மிச்சப் பிரசங்கத்துக்குக் கன்னக்குழியின் கை என்ன சொன்னது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஆராதனை முடிந்து கூட்டம் படியிறங்கிக்கொண்டிருந்தபோது, அம்மா எழுந்து நேராகப் போதகரிடம் போனாள். அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் பேசினாள்.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்று போதகர் சந்தோஷமாகக் கேட்டார்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று கன்னக்குழிக்குத் தோன்றியது. ஆனாலும் வேலை வேலைதான். அம்மாவின் கையைப் பார்த்து வாயால் சொன்னாள்: "பயப்படாதீங்க. உங்களப் பெத்தவங்க இப்ப உயிரோட இல்ல, அதனால நான் சொல்றேன். நீங்க எப்படின்னு தெரிஞ்சேதான் ஆண்டவர் உங்களக் கூப்பிட்டாரு. அழாதீங்க."

அவள் எத்தனையோ வருடமாக ஏங்கிய பேச்சு அது. இன்னொருத்தர் பெற்ற பிள்ளைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

"எனக்கா? நான் எதுக்கும்மா அழணும்?" போதகருக்கு ஒன்றும் புரியவில்லை.

பேசாமல் அதோடு விட்டிருக்கலாம். ஏதாவது சொல்லிச் சமாளிக்க அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனால் பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆகிவிடும். தையல்காரர் இந்நேரம் நாலு பேருக்குச் சொல்லியிருப்பார். அப்பாவின் மலச்சட்டியை எடுத்த மனிதர் தலையில் இதைக் கட்டிவிட்டுப் போக அவளால் ஆகவில்லை. வாயாலும் கையாலும் ஒரே நேரத்தில் சொன்னாள்.

"அது அவர் இல்ல, நான். அவர் அப்படிப்பட்டவங்களக் கண்டிச்சுதான் பேசினாரு. நடுவுல வந்தது என் பேச்சு. அப்படிப்பட்டவ நான்தான்."

போதகரின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. அவர் தோளைத் திரும்பவும் தட்டப்போன அம்மாவின் கை மெதுவாக இறங்கியது.

திட்டுவாள், அறைவாள் என்றுதான் கன்னக்குழி எதிர்பார்த்தாள். அம்மா கேட்டது வேறு.

"முன்னாடியெல்லாம் இந்தப் பேச்சு வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"நீ மாத்திச் சொன்ன?"

"ஆமா."

"அப்போ மத்ததெல்லாம்? அப்பாவப் பொதைக்கும்போது, ஆண்டவர் கண்ணீரையெல்லாம் தொடைப்பாருன்னு சொன்னியே. அது அவரு சொன்னதா, நான் அழறேன்னு நீ சொன்னதா?"

தன்னைக் காப்பாற்ற நாலு வரியை மாற்றியவள், அம்மாவின் ஆண்டவரையே சந்தேகத்துக்கு இடமாக்கியிருந்தாள்.

"அது புத்தகத்துல இருக்கும்மா, சத்தியமா இருக்கு."

"உன் கைய நான் எப்படி நம்புறது?" அம்மாவின் கண் கலங்கியிருந்தது. அவள் போதகரைக் காட்டினாள். "அவரக் கேளு. நீ பதில் சொல்லாத, நான் அவர் மொகத்தப் பாத்துத் தெரிஞ்சுக்கறேன்."

கன்னக்குழி கேட்டாள். போதகர் அம்மாவைப் பார்த்து உடனே தலையாட்டினார். இருக்கிறது.

அம்மா மூச்சை இழுத்து விட்டாள். பிறகு இன்னொன்று கேட்டாள்: "தன்கிட்ட வர்றவங்க யாரையும் வெளிய தள்ள மாட்டேன்னு ஆண்டவர் சொன்னதா இவ அடிக்கடி சொல்லுவா. அது இவளோடதா?"

அதை வாயால் கேட்பதற்குள் கன்னக்குழிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. போதகர் அவளைப் பார்த்தார், மடக்கிக்கொண்டிருந்த நாற்காலிகளைப் பார்த்தார். வசனத்தில் பாதியை மறைப்பது அநியாயம் என்று நேற்றுத்தான் சொல்லியிருந்தார். தலையாட்டினார். ஆட்டிவிட்டு அவசரமாகப் பேச ஆரம்பித்தார்.

"என்ன சொல்றாரு?"

கன்னக்குழி இந்த முறை ஒன்றையும் மாற்றவில்லை. "'ஆனா அதுக்கு அர்த்தம் வேற. மனந்திரும்பி வந்தாதான். அப்படியே இருந்துகிட்டு வர முடியாது'ங்கிறாரு."

அம்மா அதைக் கவனமாகப் பார்த்தாள். பிறகு போதகருக்குப் பதில் சொன்னாள். கன்னக்குழி அதை வாய்விட்டுச் சொன்னாள்: "நீங்க தலையாட்டினத நான் என் கண்ணால பாத்தேன். அப்ப அதுல 'ஆனா' இல்லையே."

அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். இனி அந்த மேடைக்குக் கீழே தன்னை நிற்கவிட மாட்டார்கள் என்று கன்னக்குழிக்குத் தெரியும். அம்மாவும் யாரைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள்? அழுதுகொண்டே பின்னால் இறங்கினாள். டயர் கடை வாசலில் அம்மா நின்று திரும்பினாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"யாரு அந்தப் பொண்ணு?"

"கண்ணாடிக்கடையில வேல பாக்கறா."

"நம்ம மாதிரி கையால பேசத் தெரியுமா?"

"கத்துக்கறா. தப்பும் தவறுமாப் பேசுவா."

"பரவால்ல," என்றாள் அம்மா. "கூட்டிட்டு வா. அவகிட்ட நான் நேரா பேசிக்கறேன். நீ நடுவுல நிக்கக் கூடாது."