ஐந்தாம் பலகையில் சிவப்புக் கொடி

எம்மென்டால் பள்ளத்தாக்கில் ஓர் ஊர்த் துப்பாக்கிச் சுடுதளத்துச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் சூப் காய்ச்சியவள் மார்லிஸ். ஆண்கள் சுட்டுவிட்டு வந்து உட்காருவார்கள், இவள் ஊற்றுவாள். அந்த வசந்தத்தில் ஒருநாள் சங்கத் தலைவன் வெர்னரிடம், தானும் சங்கத்தில் சேரப் போவதாகச் சொன்னாள். கூடம் முழுக்கச் சிரித்தது.

"கரண்டி பிடிச்ச கைக்குத் துப்பாக்கி கேக்குதாக்கும்," என்றான் வெர்னர். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அப்போதும் அவனுக்கு வாய்தான் நீளம். "சரி, பந்தயம். ஜூன் மாசம் எல்லாரும் சுடற பொதுப் போட்டியில பதக்கம் வாங்கு, சேத்துக்கறேன். வாங்கலன்னா கடைசி வரைக்கும் சூப்புதான். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினான். அந்த ஊரில் கை கொடுத்துவிட்டால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட மாதிரி. மார்லிஸின் இரண்டு கையிலும் பானை இருந்தது.

"தள்ளு, கொதிக்குது," என்று சொல்லிவிட்டு அவனைக் கடந்து போனாள்.

கணவன் ஓட்டோவின் இராணுவத் துப்பாக்கி, அந்த நாட்டில் எல்லார் வீட்டிலும் இருப்பதுபோல, அலமாரியில்தான் இருந்தது. தினமும் பால் கறந்து முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு வைக்கோல் கொட்டகையில் குப்புறப் படுத்தாள். தோட்டா கிடையாது. எதிர்ச் சுவரில் ஒரு மரக்கணுதான் குறி; குழல் முனையில் ஐந்து ஃபிராங்க் நாணயம். விசையை இழுக்கும்போது நாணயம் விழக்கூடாது. முதல் வாரம் பூராவும் அதைப் பொறுக்குவதே வேலையாக இருந்தது.

"இடுப்பு பிடிச்சுக்கும்டி," என்றான் ஓட்டோ.

"பிடிச்சா பிடிக்கட்டும். வெர்னர் சிரிச்சது அதைவிட வலிக்குது."

இரண்டாம் மாதம் நாணயம் விழவில்லை. சனிக்கிழமைகளில் அடுத்த ஊர்த் தளத்துக்குப் போய் நிஜத் தோட்டா சுட்டாள். சுடுகிற கணத்தில் குழல் முனைக் குறிமுள் பலகையில் எங்கே நின்றதோ அதை உடனே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், பலகை காட்டும்வரை காத்திருக்கக் கூடாது என்பது பழகுகிறவர்களுக்கு விதி. அது அவளுக்கு நாக்கில் ஒட்டிக்கொண்டது.

போட்டியன்று படுத்துச் சுட அவளுக்கு நாலாம் பாய். ஐந்தாம் பாயில் வெர்னர். முந்நூறு மீட்டர் தள்ளி வரிசையாக வெள்ளைப் பலகைகள்; அவற்றுக்கு அடியில் குழிக்குள் புள்ளி காட்டும் ஆட்கள். ஆளுக்குப் பதினெட்டு தோட்டா, ஒன்றுக்கு அதிகபட்சம் நாலு புள்ளி. ஐம்பத்தேழு எடுத்தால் பதக்கம்.

ஐந்து தோட்டா நன்றாகவே போயிற்று. வெர்னருக்கு அது பொறுக்கவில்லை. தன் பலகையை விட்டுவிட்டு அவள் பலகையையே நோட்டம் விட்டுக்கொண்டிருந்தான்.

ஆறாவதைச் சுட்டாள். "இடது பக்கம், கீழே. ரெண்டு," என்று முணுமுணுத்தாள். அவள் சுட்ட அதே கணத்தில் பக்கத்தில் வெர்னரின் துப்பாக்கியும் வெடித்திருந்தது.

ஐந்தாம் பலகைக்கு முன்னால் சிவப்புக் கொடி ஆடியது. பூஜ்யம். முப்பது வருடச் சாம்பியனுக்குப் பூஜ்யம். தளப் பொறுப்பாளர் எமில் குழியிலிருந்து தொலைபேசியில் சொன்னதைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நாலாம் பலகையில ரெண்டு ஓட்டை. ஒண்ணு நாலு, ஒண்ணு ரெண்டு."

வெர்னரின் காது சிவந்தது. "அவ ரெண்டு தடவை சுட்டிருக்கா. பழக்கமில்லாத கை. வெளியே அனுப்புங்க."

மார்லிஸ் எழுந்திருக்கவில்லை. தன் தொப்பியை எமில் பக்கம் தள்ளினாள். வெடித்த உறைகளை ஒவ்வொன்றாக அதில்தான் போட்டு வைத்திருந்தாள். எமில் எண்ணினார். ஆறு. மீதித் தோட்டாவையும் எண்ணினார். பன்னிரண்டு.

"உன் குண்டுதான் வெர்னர், பலகை மாறிப் போயிருக்கு," என்றார். பின்வரிசையில் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள். எமில் பென்சிலை எடுத்தார். "எது யாருதுன்னு தெரியாதப்போ பலகைக்காரருக்குப் பெரிய புள்ளி. மார்லிஸுக்கு நாலு."

"ரெண்டு போடுங்க," என்றாள் மார்லிஸ்.

"விதிப்படி உனக்கு நாலு வரும்மா."

"என்னுது ரெண்டு. நான்தான் சொன்னேனே. அவன் பிச்சை எனக்கு வேண்டாம்."

எமில் இரண்டு என்று எழுதினார். அதற்குப் பிறகு நேரம் வைத்துச் சுடும் பன்னிரண்டு. குழல் முனையில் நாணயம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு சுட்டாள். கூட்டிப் பார்த்தால் ஐம்பத்தாறு.

ஒரே ஒரு புள்ளி குறைவு. தோற்றதை அவள் மறைக்கவில்லை.

கூடத்தில் வெர்னர் தன் பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு, மானத்தை மீட்டுவிட்ட நிம்மதியோடு நின்றான். "பந்தயம் பந்தயம்தான் மார்லிஸ். சூப் ஆறிடப் போகுது."

"யார் பந்தயம்?" என்றாள். "நீ கையை நீட்டின. நான் கொடுத்தேனா? இத்தனை பேர் பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க, சொல்லுங்க."

பானையைத் தூக்கிக்கொண்டு அவள் கடந்து போனது எல்லாருக்கும் நினைவு இருந்தது.

"கொடுக்கல," என்றார் எமில்.

மார்லிஸ் சமையல் மேலங்கியை அவிழ்த்து மேசையில் வைத்தாள். "என் சொந்தக் குண்டுல ஐம்பத்தாறு. புதன்கிழமைப் பயிற்சியிலிருந்து நாலாம் பாய் எனக்கு. இதுக்கு வேணும்னா இப்பவே கை கொடுக்கறேன்."

அவள் நீட்டிய கையை வெர்னர் பார்த்தான். தன்னையே பார்க்கிற கூடத்தையும் பார்த்தான். வேறு வழியில்லாமல் பிடித்துக் குலுக்கினான்.

"சரி," என்றாள் அவள், அவன் கையை விடாமலே. "சூப்பு அடுப்புல இருக்கு. அடிபிடிக்காம கிண்டு."