ஐந்தாம் நம்பர்த் தூண்டில்

அலவி நானா கண்ணாடிப் பெட்டியைத் திறக்கவில்லை. அதன் மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு, சப்பாத்திலிருந்து தலை வரைக்கும் என்னை ஒருமுறை பார்த்தார். கொட்டாஞ்சேனையில் இருக்கும் அவருடைய கடைக்கு மட்டக்குளிக் கடற்றொழில்காரர்கள்தான் வருவார்கள். வலைக்கண்ணின் அளவைச் சொல்லிக் கேட்பார்கள், நைலோன் நூலை விரலில் சுற்றி இழுத்துப் பார்ப்பார்கள், இரண்டு நிமிடத்தில் போய்விடுவார்கள். நானோ சட்டைப்பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவன் மாதிரி வாசித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது அடி. நாலு துண்டு. ஐந்தாம் நம்பர்.

"ப்ளை றொட்டா?" என்றார் அலவி நானா. "அதுக்கு கொழும்புல மீன் எங்க சேர் ஈக்கி?"

"மீன் எங்க இருக்கெண்டு நான் பாத்துக்கொள்ளுறன் நானா. சாமான் இருக்கோ, இல்லையோ?"

அவர் கோபத்தோடுதான் பெட்டியைத் திறந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. தூண்டில் வாங்கப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து, இரண்டு மாதமாக எல்லோரும் என்னோடு அன்பாகப் பேசிக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

எனக்குச் சாரங்கனைப் பிடிக்காது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு கதையின் நடுவில் கண்டுபிடித்தது போல யாரும் சந்தோசப்பட வேண்டாம். அவன் என் சகலன். என் மனைவி ரதியின் தங்கை நிரோஷாவைக் கட்டியவன். நியூசிலாந்தில் கிறைஸ்சேர்ச்சில் இருக்கிறான். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், நானும் ரதியும் இருக்கிற வீடு அவனுடையது. பதினொரு வருடமாக இருக்கிறோம். வாடகை வாங்குவதில்லை. வாடகை கேட்டால் சண்டையாவது பிடிக்கலாம். அவன், "வீட்டைப் பாத்துக்கொள்ளுறீங்கள்தானே அண்ணை, அது காணும்" என்பான். கடல் தெரிகிற முன்னறை அவனுக்கென்று பூட்டிக் கிடக்கும். வருடத்தில் பதினொரு மாதம் ரதி கிழமைக்கு ஒருதரம் திறந்து கூட்டிவிட்டுப் பூட்டுவாள். நாங்கள் பின்னறையில் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்துக்கொண்டு படுத்து எழும்புவோம். கதிரை அவனுடையது, சாப்பாட்டு மேசை அவனுடையது, பிரிட்ஜ் அவனுடையது.

போன மார்கழியில் எல்லோரையும் நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். விடுதிக்குக் கீழே ஓடை ஒன்று. அதில் இறங்கி நின்று ப்ளை றொட் வீசினான். மற்றத் தூண்டிலில் ஈயக்கட்டிதான் பறக்கும், நூல் அதன் பின்னால் இழுபட்டுக்கொண்டு போகும். இதில் ஈயமே இல்லை. நூல்தான் பாரம். நூலே தலைக்கு மேல் பின்னுக்குப் போய், நீண்டு, திரும்பி முன்னுக்கு வந்து தண்ணீரில் படுக்கும். அதன் நுனியில் ஒரு பூச்சி மாதிரிக் கட்டிய சின்னத் தூண்டில். நான் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு, அவன் அதை ஐந்து நிமிடம் என் கையில் தந்தான்.

"கவனம் அண்ணை. உங்கட ரெண்டு மாசச் சம்பளம் அது."

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவள் ரதி. நான் வீசினேன். முதல் வீச்சு என் காதில் சுற்றியது. இரண்டாவது புல்லில் விழுந்தது. மூன்றாவதில் என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. பின்னால் நூல் முழுக்க நீண்டதைக் கை உணர்ந்தது, முன்னுக்கு விட்டேன், அது மெதுவாக விரிந்து போய்ச் சத்தமில்லாமல் தண்ணீரைத் தொட்டது. ஐம்பத்தேழு வயதில் என் கையால் இவ்வளவு வடிவான காரியம் ஒன்று நடக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. "காணும் அண்ணை" என்று அவன் றொட்டை வாங்கிக்கொண்டான்.

இந்த வருடமும் நுவரெலியா போவதாக முடிவாகியிருந்தது. அந்த ஓடையில் என்னுடைய சொந்த றொட்டோடு இறங்கவேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. ரதி இதை வாட்ஸ்அப்பில் தங்கைக்குச் சொல்லிவிட்டாள். மறுநாள் அவன் குரல் வந்தது. "அண்ணை, காசை வீணாக்காதேங்கோ. என்ர பழைய றொட் ஒண்டு கராஜில சும்மா கிடக்கு. கொண்டு வாறன்."

அதை மூன்று தரம் போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு தரமும் அந்த 'சும்மா' என்னைக் குத்தியது.

"அவர்தானே கொண்டு வாறன் எண்டுறார்," என்றாள் ரதி. "பிறகு என்ன கோதாரிக்கு வாங்கவேணும்?"

"எனக்கு வேணும்."

"இருபத்தையாயிரத்துக்கு மேல ஒரு சதம் தரமாட்டன்."

அப்படித்தான் கொட்டாஞ்சேனைக்கு வந்து அலவி நானாவின் முன்னால் நின்றேன். யாரோ இறக்குமதி செய்து விற்க முடியாமல் போனதில் இரண்டு செட் அவரிடம் கிடந்தது. ஒன்று எட்டாம் நம்பர், பொன்னிறத்தில் மினுங்கும் அலுமினிய றீலோடு. மற்றது ஐந்தாம் நம்பர், சாம்பல் நிறம், அதற்கும் அதே மினுக்கத்தில் ஒரு றீல். நம்பர் கூடக்கூடக் கம்பு தடிப்பு, நூல் பாரம். எட்டு கடல்மீனுக்கு. ஓடையில் எட்டைக் கொண்டுபோய் நின்றால் சாரங்கன் சிரித்தே செத்துவிடுவான். அந்தச் சந்தோசத்தை அவனுக்குக் கொடுக்க நான் தயாரில்லை.

"எட்ட எடுங்க சேர். பெலமான சாமான்," என்றார்.

"அஞ்சு."

"அஞ்சுக்கும் எட்டுக்கும் ஒரே வெலதான்."

"விலைக்கு இல்லை நானா, மீனுக்கு. இந்த றீல் வேண்டாம். பிளாஸ்ரிக் றீல் இருக்கோ?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அவருடைய கடையில் திறமான சாமானைத் தள்ளிவிட்டு மட்டமானதைக் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் நான் இரண்டு மாதம் படித்துவிட்டு வந்திருந்தேன். ப்ளை றீல் நூலைச் சுற்றிவைக்கிற சாமான், வீசுவதற்கு அது ஒன்றும் செய்யாது. குறைந்த காசில் வாங்குகிறவன் றீலில் மிச்சம் பிடித்து நூலில் போடவேண்டும். நூல் மட்டமாக இருந்தால் எந்த றொட்டும் வீசாது. ஒரு கறுப்புப் பிளாஸ்ரிக் றீலைத் தூசி தட்டி எடுத்தார். மஞ்சள் நிறத்தில் நல்ல லைன் ஒன்றை நானே தேடிப் பிடித்தேன், ஐந்தாம் நம்பர். அதற்கு அடியில் சுற்றுவதற்கு நூறு யார் நீளத்துக்கு மெல்லிய வெள்ளை நூல். இருபத்துநாலாயிரத்துச் சொச்சம்.

"முடிச்சுப் போட்டு சுத்தித் தாறன். காசு வாணாம்," என்றார், கையை நீட்டி.

"எனக்குத் தெரியும்."

"றீலோட கட்டுற முடிச்சு லேசில்ல சேர். வழுக்கும்."

"எனக்குத் தெரியும் எண்டு சொன்னனே."

"அப்ப மீன் புடிச்சா எனக்கும் ஒண்டு கொண்டு வாங்க," என்றார், சிரிக்காமல்.

உண்மையில் அந்த முடிச்சு எனக்குத் தெரியாது. பின்னறையில் கட்டிலில் இருந்துகொண்டு, போனில் ஒருவன் போடுகிற முடிச்சை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கடைசியில் பொறுமை இழந்து, பார்சல் கட்டுகிற முடிச்சையே நாலு தரம் போட்டேன். நூறு யார் நூலையும் விரலாலேயே சுற்றினேன். பிறகு மஞ்சள் நூல். முடிந்ததும் கம்பின் நாலு துண்டையும் பூட்டிப் பார்க்க ஆசையாக இருந்தது. ஒன்பது அடிக்கு அந்த அறையில் இடமில்லை. இரண்டு துண்டை மட்டும் பூட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். ரதி எட்டிப் பார்த்து, "சின்னப்பிள்ளை மாதிரி" என்றுவிட்டுப் போனாள். அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல எனக்கு இருந்த ஒரே சாமான் அது. அப்படி மடியில் வைத்திருந்ததற்காக நான் வெட்கப்படவில்லை.

சாரங்கன் சனிக்கிழமை வந்திறங்கினான். பழைய றொட்டை மறக்காமல் கொண்டுவந்திருந்தான். அதன் உறையே என் முழுச் செட்டையும் விட விலை கூட. அதை நான் தொடவில்லை. ஞாயிறு விடிந்ததும் என்னுடையதைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அடுத்தநாள் பயணம். அதற்கு முன் கை பழகவேண்டும்.

மரைன் டிரைவைக் கடந்து, தண்டவாளத்தைக் கடந்தால், கற்கள். அதற்கு அப்பால் கட்டில் அகலத்துக்கு மணல். பிறகு கடல். தூண்டிலுக்குப் பதிலாக நுனியில் ரதியின் சிவப்புக் கம்பளி நூலில் ஒரு துண்டைக் கட்டியிருந்தேன். கடலைப் பார்த்து நின்று, பின்னுக்கு எடுத்து, முன்னுக்கு விட்டேன். ஆறாவது ஏழாவது வீச்சில் கை பிடிபடத் தொடங்கியது. ஆனால் இந்த வேலைக்கு முன்னால் எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு பின்னாலும் வேண்டும், என் பின்னால் இருந்தது தண்டவாளம். அது எனக்குப் பெரிய விசயமில்லை. பதினொரு வருடமாக ரயில் போகிற சத்தத்தில் பல் தீட்டுகிறவன் நான். எது எத்தனை மணிக்கு என்று மணிக்கூடு பார்க்காமல் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எட்டரைக்கு முதல் எழும்புவதில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

"கை உடையுது அண்ணை."

திரும்பிப் பார்க்காமலே சாரங்கன் என்று தெரிந்தது. அரைக் காற்சட்டையோடு கல்லில் ஏறி நின்றான்.

"மணிக்கட்டை மடக்காதேங்கோ. முழங்கையால எடுங்கோ."

"நீர் போய்ப் படும் சாரங்கன். பயணக் களைப்பு இருக்கும்."

"இல்லை, நித்திரை வரேல்லை. என்ன றீல் இது? பிளாஸ்ரிக்கே?"

"ஓம். பிளாஸ்ரிக்."

"நான்தானே கொண்டு வாறன் எண்டனான். நீங்கள் ஏன் சொல்வழி கேக்கிறியள் இல்லை?"

அவன் குரலில் நக்கல் இல்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டான். அதுதான் எனக்கு உச்சியில் ஏறியது. றீலிலிருந்து இன்னும் பத்துப் பன்னிரண்டு அடி மஞ்சள் நூலை இழுத்துக் காலடியில் போட்டேன். இன்றைக்குத்தான் முழு நூலையும் வீசுவது என்று முடிவெடுத்தேன்.

"அண்ணை, ரெயின் வருது."

எனக்கும் கேட்டது. தெகிவளைப் பக்கமிருந்து, கடலோரத் தண்டவாளத்தில். நிறுத்தியிருக்கலாம். நூல் முன்னால் தண்ணீரில் கிடந்தது, சும்மா விட்டிருந்தால் கிடந்திருக்கும். ஆனால் அவன் சொல்லி நான் நிறுத்துவதா? இன்னும் ஒரு வீச்சுக்கு நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். முழங்கையால் எடுத்தேன். நூல் முழுக்கத் தண்ணீரிலிருந்து எழும்பித் தலைக்கு மேலால் பின்னுக்குப் போனது. நான் எடுத்த வீச்சுகளிலேயே அதுதான் திறம்.

அது முன்னுக்கு வரவில்லை.

ரயில் என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டிருந்தது. சிவப்புக் கம்பளித் துண்டு ஒரு பெட்டியின் வாசல் கைபிடிக் கம்பியில் போய்ச் சுற்றியது. மிதிபலகையில் மரக்கறிப் பையோடு நின்ற ஒருவர் காலைத் தூக்கிக்கொண்டு, "அடோவ்!" என்று கத்தினார். றீல் அலறத் தொடங்கியது. காலடியில் கிடந்த மஞ்சள் நூல் என் விரலுக்குள்ளால் நெருப்பாகப் போனது. நான் ரயிலைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையாலும் றொட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்கோ அண்ணை! றொட்டை விடுங்கோ!"

"விடமாட்டன்!"

"இழுத்துக்கொண்டு போகப்போகுது! விசரே உங்களுக்கு?"

"இது என்ர!" என்று கத்தினேன். எந்தக் கேள்விக்கு அது பதில் என்று எனக்குத் தெரியாது. கம்பு வில்லாக வளைந்தது. மஞ்சள் முடிந்து வெள்ளை நூல் ஓடியது, நூறு யார், றீல் சுழன்ற வேகத்தில் கைபிடி என் பெருவிரலை அடித்துப் பிளந்தது. சாரங்கன் பாய்ந்துவந்து என் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அப்படியே இரண்டு பேரும் கல்லோடு சறுக்கி ஒரு யார் தூரம் போனோம். பிறகு டக் என்று ஒன்று. பாரம் போய்விட்டது. என் பார்சல் முடிச்சு வழுக்கியிருந்தது. அலவி நானா முடிச்சுப் போட்டிருந்தால் அது வழுக்கியிராது, என்னிடம் றொட்டும் மிஞ்சியிராது.

ரயில் பம்பலப்பிட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் மஞ்சளும் வெள்ளையுமாக என் நூல், ஒரு சிக்கலும் இல்லாமல், நேராக. மரக்கறிப் பைக்காரர் எட்டிப் பார்த்துக் கையாட்டினார்.

சாரங்கன் என் இடுப்பிலிருந்து கையை எடுத்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது, முழங்காலில் தோல் உரிந்திருந்தது. "கையைக் காட்டுங்கோ" என்றான். நான் காட்டவில்லை. அவன் காற்சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, "லைன் ஒண்டு தாறன். என்ர அறையில இருக்கு. அஞ்சாம் நம்பர்தான்" என்றான்.

நான் கடலைப் பார்த்துத் திரும்பினேன். வெறும் கம்பைப் பின்னுக்கு எடுத்தேன், முழங்கையால், மணிக்கட்டை மடக்காமல். நிறுத்தினேன். முன்னுக்கு விட்டேன்.

"ஓம், அதுதான்," என்றான் அவன் பின்னாலிருந்து, வாயை அடக்க முடியாமல்.

பெருவிரலிலிருந்து இரத்தம் றொட்டின் கைபிடியில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் மறுபடியும் பின்னுக்கு எடுத்தேன். கறுப்புப் பிளாஸ்ரிக் றீல், சுற்ற ஒன்றுமில்லாமல், வீசுகிற ஒவ்வொரு தரமும் தன்பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருந்தது.